முந்தின நாள் எழுதிய வரி

2013 ஜூன் மாதம் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் என் கையில் ஒரு நீளமான ரிஜிஸ்டரைக் கொடுத்தார். நீல அட்டை, சிவப்புத் துணி ஒட்டிய முதுகு. "தினமும் எழுதிடு தம்பி. ஆபீசர் யார் வந்தாலும் மொதல்ல கேக்கறது இதைத்தான்" என்றார். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அந்த நோட்டில் நான் எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டில்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

கரூர் மாவட்டம் க.பரமத்தி வட்டாரத்தில் ஒரு கருங்கல் குவாரி. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்கள், வெள்வேல மரத்தடியில் படுத்திருக்கும் மாடுகள், இடையிடையே இலையெல்லாம் வெள்ளைப் புழுதி படிந்த கிரஷர்கள். சென்னையில் நான்கு வருஷம் சுரங்கப் பொறியியல் படித்தவன் நான். கூடப் படித்தவர்கள் நெய்வேலிக்கும், ஒடிசா இரும்புத்தாதுச் சுரங்கங்களுக்கும், ஜார்க்கண்ட் நிலக்கரிக்கும் போனார்கள். அக்கா கல்யாணக் கடன் வீட்டில் இருந்தது, அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. மாசம் 12,000 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்வரலாம் என்றதும் குவாரிக்கு ஒத்துக்கொண்டேன்.

எங்கள் குவாரிக் கல்லுக்குப் புவியியலில் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். முதல் வாரமே இதை மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னேன். ஓமலூர்ப் பக்கத்துக்காரர் அவர். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், அதில் முக்கால்வாசி கல்லோடு போயிருந்தது. "அப்டீங்களா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கையிலிருந்த கடப்பாரையை என்னிடம் நீட்டி, "இங்க ஒரு தட்டு தட்டுங்க தம்பி" என்றார்.

தட்டினேன். கணீர் என்று கோயில் மணிபோலக் கேட்டது. நாலடி தள்ளி இன்னொரு இடத்தைக் காட்டினார். அங்கே தட்டியதும் மொத் என்று, நெல்லு மூட்டையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். கண்ணுக்கு இரண்டு இடமும் ஒரே மாதிரித்தான் இருந்தன. "இது உள்ளார விட்டுப்போச்சுங்க. மழை பேஞ்சா எறங்கிரும்" என்றார். அன்று என் உள்ளங்கையில் அந்த இரண்டு அதிர்வும் தனித்தனியாக ஏறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நல்ல கல்லில் கடப்பாரை கையைத் திருப்பி அடிக்கும். லூசான கல்லில் அடி உள்ளேயே போய்விடும்.

குவாரி வேலை தெரியாதவர்களுக்கு லூஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் டிராக்டரில் பூட்டிய கம்ப்ரசர் உறுமத் தொடங்கும். ஜாக்ஹாமர் பிடிப்பவர்கள் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வரிசையாகக் குழி போடுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிவப்புக் கொடி கட்டி, சங்கு ஊதி, எல்லாரையும் வெளியேற்றிவிட்டு வேட்டு. புகை அடங்கியதும் முதலில் இறங்குகிறவர் வேட்டு வைக்கும் பிளாஸ்டர். வெடிக்காமல் நின்ற தோட்டா இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள். ஆனால் வேட்டு எல்லாக் கல்லையும் கீழே தள்ளிவிடாது. சில கற்கள் விரிசல் விட்டு பாறை முகப்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதுதான் லூஸ். பொக்லைன் கை எட்டுகிற உயரத்தில் இருந்தால் அதுவே தட்டிவிடும். எட்டாத இடத்தில் ஒரு ஆள் பெஞ்சில், அதாவது பாறையைப் படியாக வெட்டிய தளத்தில், நின்று கடப்பாரையால் நெம்பித் தள்ள வேண்டும். எங்கள் குவாரியில் அந்த ஆள் மேஸ்திரி.

சட்டம் இதையெல்லாம் விவரமாகவே சொல்கிறது. 1961ஆம் வருஷத்து உலோகச் சுரங்க விதிகளின்படி கெட்டிப் பாறையில் பெஞ்சின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் உயரத்தைவிடக் குறையக் கூடாது. 1.8 மீட்டருக்கு மேல் விழக்கூடிய குறுகலான விளிம்பில், கயிறோ தடுப்போ இல்லாமல் ஆளை நிறுத்தக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவற்றைச் சொல்லியிருப்பேன். எங்கள் கிழக்கு முகப்பில் பெஞ்சின் அகலம் ஒரு ஆள் திரும்பி நிற்கும் அளவுக்குத்தான் இருந்தது. டேப் பிடித்து அதை அளந்தவனும் நானே.

ரிஜிஸ்டரில் தினம் ஒரு வரி எழுத வேண்டும். தேதி, பார்வையிட்ட இடம், லூஸ் இருந்ததா, யாருக்கு பெல்ட் கொடுக்கப்பட்டது, என்ன அறிவுரை சொல்லப்பட்டது, கையெழுத்து. முதல் இரண்டு மாசம் ஒழுங்காகத்தான் எழுதினேன். காலையில் ஆறு மணிக்கே முகப்புக்குப் போவேன். மேஸ்திரி தட்டிக்கொண்டே வர, பின்னாலேயே நடந்து, பார்த்ததை எழுதுவேன். ஆகஸ்ட் வாக்கில் எடைமேடைக் கணக்கும் லோடு சீட்டும் என் தலையில் வந்தன. லாரிகள் விடிகாலையிலேயே வரிசை கட்டி நிற்கும். ஒரு லாரி தாமதமானால் கிரஷரிலிருந்து போன் வரும். முகப்புக்குப் போவது ஒரு நாள் விட்டு ஒரு நாளாகி, வாரத்துக்கு ஒருமுறையாகியது. ரிஜிஸ்டரில் மட்டும் ஒரு நாளும் விடுபடவில்லை. சேர்த்துவைத்து ஒரே உட்காரலில் எழுதப் பழகிக்கொண்டேன். வரிகள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டிருந்தன: "முகப்பு பார்வையிடப்பட்டது. தளர்வான பாறை இல்லை. பாதுகாப்பு பெல்ட் வழங்கப்பட்டது. அணிந்து வேலை செய்ய அறிவுறுத்தப்பட்டது."

பெல்ட் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்டோரில் நான்கு பெல்ட், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மேஸ்திரி இடுப்பில் கட்டிக்கொண்டது ஒரு பழைய நைலான் கயிறு, அதையும் நினைத்தால் கட்டுவார். செப்டம்பரில் ஒரு நாள், "தம்பி, அந்தப் பட்டை ஸ்டோர்ல சும்மாதான கெடக்குது, ஒண்ணு குடுத்தா ஆகுமுங்களா?" என்று கேட்டார். தருகிறேன் என்றேன். ஸ்டோர்க்காரர் மேனேஜர் கையெழுத்து போட்ட சீட்டு கேட்டார். மேனேஜர் அன்று ஊரில் இல்லை. அடுத்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை. தீபாவளி முடிந்து இன்னொரு முறை கேட்டார். அதற்கும் சரி என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. ஒரு சீட்டு எழுதக் கால் நிமிஷம் ஆகும். அதே கையால் "பெல்ட் வழங்கப்பட்டது" என்று அதுவரை நூறு முறையாவது எழுதியிருப்பேன்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். விட்டுப்போன நாலைந்து நாட்களை உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் டீ கிளாஸ். திங்கட்கிழமை வரைக்கும் எழுதி முடித்தேன். மறுநாள் லோடு அதிகம், நேரம் இருக்காது என்று தெரியும். பேனா கையில் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, ரிஜிஸ்டர் மேலேயே வைத்தேன். அடிப்பாகம் நனைந்திருந்திருக்க வேண்டும். ஜெல் பேனா மை கரைந்து, சனிக்கிழமை வரியிலிருந்து செவ்வாய்க்கிழமை வரி வரைக்கும் ஒரு வட்டம் விழுந்தது. துண்டால் ஒத்தி எடுத்துவிட்டு மூடினேன்.

அன்று ராத்திரி மழை பெய்தது.

காலை ஏழு மணி தாண்டியிருக்கும். எடைமேடையில் உட்கார்ந்து லோடு சீட்டு கிழித்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. கம்ப்ரசர் நின்றது. குவாரியில் கம்ப்ரசர் சத்தம் மூச்சு மாதிரி, ஓடும்போது யார் காதிலும் விழாது. நின்றதும் எல்லாரும் தலையைத் தூக்கினோம். கீழேயிருந்து யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சார் என்று கூப்பிடவில்லை.

பாறை விரிசலுக்குள் இருந்த மண் மழையில் சேறாகி, ஒரு பலகை மாதிரி கல் வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. மேஸ்திரி அதன்மேலேயே நின்று நெம்பிக்கொண்டிருந்தார். கல்லோடு சேர்ந்து கீழ் பெஞ்சுக்கு வந்துவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கு அடியில். நாங்கள் ஏழு பேர் கடப்பாரை போட்டு நெம்பினோம். அவர் கத்தவில்லை. "அந்தப் பக்கம் அண்டை குடுங்க, இல்லாட்டி திரும்பி உளுந்துரும்" என்று எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே எடுத்ததும்தான் மயங்கினார். ஒரு சின்ன யானை மினி லாரியில் கரூருக்கும், அங்கிருந்து கோயம்புத்தூருக்கும் கொண்டுபோனோம். மறுநாள் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து குவாரி ஆபீசுக்குத் திரும்பினேன். சட்டையில் ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மேனேஜர் மேசையில் ரிஜிஸ்டர் விரித்திருந்தது. அவர் விரலை அன்றைய தேதிமேல் வைத்திருந்தார். "இன்னிக்கு எழுதிட்டியாப்பா நீ. நல்லவேளை" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். நிஜமாகவே நிம்மதியாக இருந்தார். அந்த வரி முந்தின நாளே எழுதியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வந்தபோது நேராகவே கேட்டார். "அன்னிக்குக் காலையில நீங்க பெல்ட் குடுத்தீங்களா?"

"ரிஜிஸ்டர்ல இருக்குங்க சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, இருப்பதைத்தான் சொன்னேன் என்று பல மாசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்குக் காரணமும் இருந்தது. சுரங்கத் துறையில் மேலே போக வேண்டுமென்றால் மேனேஜர் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். அதற்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும். வேலை செய்த குவாரி மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அது கிடைக்கும். வெறும் கையோடு வெளியே போனால் அந்த மாசங்கள் எல்லாம் இல்லாமலே போய்விடும்.

அடுத்த வருஷம் மேஸ்திரியின் நஷ்டஈட்டு வழக்கு தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் வந்தது. 1923ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொன்ன உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறி, அதனால்தான் காயம் பட்டது என்றால் முதலாளி பணம் தர வேண்டியதில்லை. சாவு, நிரந்தர முழு ஊனம் இரண்டுக்கும் அந்த வாதம் செல்லாது. ஒரு கால் போனது பகுதி ஊனக் கணக்கில் வருவதால் இங்கே அது செல்லும். எதிர்மனுவின் நகலை என்னிடம் கொடுத்தார்கள், நான்தான் சாட்சி என்பதால். "வழங்கப்பட்ட பாதுகாப்பு பெல்ட்டை மனுதாரர் வேண்டுமென்றே அணியவில்லை" என்று இருந்தது. ஆதாரம், ரிஜிஸ்டரில் என் கையெழுத்து. பெல்ட் கொடுக்காமலே எழுதியபோது அது வெறும் காகிதம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தக் காகிதம் அவருடைய இன்னொரு காலையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதும் நான் எதையும் முடிவு செய்யவில்லை. சாட்சி சொல்லும் முன்னால் அவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஓமலூர் பஸ் ஏறினேன்.

ஓட்டு வீடு. திண்ணையில் உட்கார்ந்து சோளக்கதிரை உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் வேண்டாம் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்மேல் கோபமாக இருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். இரண்டு பேரும் அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். மழை, சோளம், மகளின் படிப்பு என்று கொஞ்ச நேரம் பேசினோம். அந்தம்மா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி அவர் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். அன்னிக்குக் காலைல நீங்க எனக்குப் பட்டை குடுத்தீங்களா?"

எனக்கு வாய் வரவில்லை.

"வக்கீலு கேக்கறாருங்க. குடுத்தாங்களா இல்லையா, தெளிவாச் சொல்லுங்கறாரு. எனக்குக் குடுத்த மாதிரி நெனப்பே இல்லீங்க. ஆனா நோட்டுல நீங்க எளுதியிருக்கறதாச் சொல்றாங்க. நீங்க எளுதியிருந்தா குடுத்திருப்பீங்க. கல்லு உளுந்ததுல எனக்கு மறந்துபோச்சாட்ட இருக்குது." நெற்றியை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் பாக்கறேன். எங்க வெச்சேன்னு தெரியல."

சோளக்கதிர் அவர் மடியில் பாதி உதிர்ந்து கிடந்தது. முற்றத்தில் ஒரு கோழி சிதறின மணிகளைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கல் கெட்டி, எந்தக் கல் உள்ளே விட்டுப்போனது என்று ஒரு தட்டில் சொல்லக்கூடிய மனுஷர். எழுதப் படிக்கத் தெரியாதவர், அதனால் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருப்பவர். எந்த முகப்பில் எந்த மாசம் எந்தப் பக்கம் சரிந்தது என்று வருஷக்கணக்கில் சொல்லுவார். நான் எழுதிய ஒரு வரியை நம்பி, கொடுக்காத பெல்ட்டை எங்கே வைத்தோம் என்று ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று அங்கேயே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் சங்ககிரி தாண்டும் வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

விசாரணை நாளில் எங்கள் தரப்பு வக்கீல் ரிஜிஸ்டரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்குப் போதும். நான் நிறுத்தவில்லை. இந்த வரியை முந்தின நாள் சாயங்காலம் எழுதினேன், அவருக்கு எந்த நாளும் பெல்ட் கொடுத்ததில்லை, அவர் இரண்டு முறை கேட்டார் என்று சொன்னேன். துணை ஆணையர் ரிஜிஸ்டரை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். டீ கிளாஸ் வட்டத்தை விரலால் சுற்றி, "இது என்ன?" என்றார். சொன்னேன். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். மேனேஜர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த வாரமே வேலை போனது. அனுபவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. வேறொரு சுரங்கத்தில் முதலிலிருந்து ஆரம்பித்து, கூடப் படித்தவர்களுக்கு இரண்டு வருஷம் பின்னால் தேர்வு எழுதினேன். அக்கா கல்யாணக் கடனுக்கு அம்மாவின் வளையல் போனது. மேஸ்திரிக்கு நஷ்டஈடு உத்தரவாகி, 12 சதவீத வட்டியோடு பணம் கைக்கு வரும்போது 2015 முடியும் நேரமாகிவிட்டது. முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் அவர் அவ்வளவு நாள் கடனில் சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. 2022 மே மாதம் திருநெல்வேலிப் பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராத்திரி பாறை சரிந்து ஆறு பேர் சிக்கிக்கொண்ட செய்தி வந்தபோது நான் வேறொரு சுரங்கத்தில் பொறுப்பில் இருந்தேன். டார்ச்சையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு எங்கள் முகப்புக்குப் போய் விடியும் வரை தட்டித் தட்டிப் பார்த்தேன்.

விசாரணை முடிந்த அன்று வராந்தாவில் அவர் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் வக்கீல் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக் கோத்துவைத்திருந்தேன். அவர் ஒரு கையைக் கட்டையிலிருந்து எடுத்து என் தோளைப் பிடித்தார். முகத்தில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. பல மாசம் தூங்காத மனுஷன் கொஞ்சம் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

"அப்ப எனக்கு மறதி ஒண்ணும் இல்லீங்களே தம்பி?" என்றார்.

"இல்லீங்கண்ணா."